விதி மாறினால் ஆட்டம் யாருடையது? 'டி அண்ட் டி' ஆட்டக்காரர்கள் மீண்டும் மீண்டும் பிரிவது ஏன்?

ஊனோ ஆட்டத்தில் ஒருவர் 'பிளஸ் 4' அட்டையைப் போட்டால், அடுத்தவர் அதன் மேல் 'பிளஸ் 2' போட்டுத் தப்பிக்கலாமா? 2019 மே மாதம் ஊனோ நிறுவனமே டுவிட்டரில் பதில் சொன்னது: கூடாது. 4 அட்டையை எடுக்க வேண்டும், அந்தச் சுற்றையும் விட்டுவிட வேண்டும். அதற்கு உலகம் முழுவதும் இருந்து வந்த பதிலின் சாரம் ஒன்றுதான்: "எங்க வீட்டுல நாங்க இப்படித்தான் ஆடுவோம்."

ஒரு சீட்டுக்கட்டுக்கே இவ்வளவு வாக்குவாதம் என்றால், நூற்றுக்கணக்கான பக்கங்களில் விதி எழுதப்பட்ட ஆட்டத்தில் என்ன நடக்கும்? 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக 'டி அண்ட் டி', 50 ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பார்த்து வருகிறது. விதிகள் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் பிரிந்திருக்கிறார்கள். போட்டி நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. 2023-இல் விவகாரம் உரிமச் சட்டம் வரை போனது.

சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ நண்பர்களோடு இந்த ஆட்டத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது. எந்தப் புத்தகத்தை வாங்குவது, எந்த விதியில் ஆடுவது, சொந்தமாக எழுதிய கதையை விற்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது.

இது என்ன மாதிரி ஆட்டம்?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. கதையை நடத்துவது, எதிரிகளை இயக்குவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று.

"கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், "சரி, பகடையை உருட்டு" என்பார் மாஸ்டர். 20 முகம் கொண்ட பகடை உருளும். பாத்திரத்தின் பலத்திற்கு ஏற்ற எண்ணை அதோடு கூட்டுவார்கள். இலக்கைத் தொட்டால் கதவு உடையும். தொடாவிட்டால் சத்தம் கேட்டு உள்ளே இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

இதில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஒரே கதை மாதக் கணக்கில், ஏன், வருடக் கணக்கில்கூட ஓடும். இரண்டு வருடமாக வளர்த்த பாத்திரத்தின் சக்தி புதிய புத்தகம் வந்ததும் மாறிப்போனால், அது ஆட்டக்காரருக்கு வெறும் எண் மாற்றமாகத் தெரியாது. சொந்த ஆளின் கையைக் கட்டிப் போட்டதுபோல இருக்கும்.

பூப்பந்தில் மாறலாம், இதில் ஏன் முடியாது?

கெடாக்காரர்களுக்குப் பூப்பந்தைச் சொன்னால் எளிதில் புரியும். அலோர் ஸ்டாரில் பிறந்த லீ ஸீ ஜியா ஆடிப் பெயர் பெற்றது 21 புள்ளி முறையில். ஆனால் 2006-க்கு முன்பு ஆண்கள் ஆட்டத்தில் 15 புள்ளிதான். அதுவும் சர்வ் போட்டவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். பழைய முறையே சிறந்தது என்று இன்றும் சொல்லும் மாமாக்கள் உண்டு. ஆனால் அவர்களுக்காக உலகப் போட்டி அந்தப் பழைய முறைக்குத் திரும்பவில்லை. உலகக் கூட்டமைப்பு முடிவு செய்தால் எல்லாரும் மாறியாக வேண்டும். அதே கூட்டமைப்பில் 2018-லும் 2021-லும் புள்ளி முறையை மாற்ற வந்த முன்மொழிவுகள் போதிய ஆதரவு இல்லாமல் தோற்றன. எந்தப் பக்கம் முடிந்தாலும், வாக்கெடுப்போடு வழக்கு முடிந்துவிடும்.

டி அண்ட் டி-யில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. புத்தகத்தை வெளியிடும் நிறுவனம் இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகம் இன்றும் அப்படியே வேலை செய்யும். புதிய விதி பிடிக்கவில்லையா? பழையதிலேயே ஆடலாம். அதனால் ஒவ்வொரு விதி மாற்றத்தையும் ஆட்டக்காரர்கள் ஓர் அறிவிப்பாகப் பார்ப்பதில்லை, ஒரு கோரிக்கையாகப் பார்க்கிறார்கள். கோரிக்கையை மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

நிறுவனத்திற்கோ புதிய புத்தகம் விற்றாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும்.

முதல் 25 ஆண்டுகள்: சண்டை தொடங்கிய கதை

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள்தான்.

1977 தொடங்கி ஆட்டம் இரண்டு வழியில் போனது. புதியவர்களுக்கு எளிய 'பேசிக்' பெட்டி ஒன்று. விரிவான விதிகளோடு 'அட்வான்ஸ்ட்' புத்தகங்கள் இன்னொன்று. 1979-இல் ஆர்னெசன், தனக்குச் சேர வேண்டிய உரிமத்தொகைக்காக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1981-இல் அது சமரசத்தில் முடிந்தது. 'இந்த ஆட்டம் யாருடையது?' என்ற கேள்வி நீதிமன்றத்திற்குப் போனது அப்போதுதான்.

1989-இல் அட்வான்ஸ்ட் ஆட்டத்தின் 2-ஆம் பதிப்பு வந்தது. இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று அமெரிக்காவில் 1980-களில் பெரும் பீதி கிளம்பியிருந்தது. அதன் பிறகு வந்த இந்தப் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்கள் காணாமல் போயின. அதே உயிரினங்கள் வேறு புனைபெயர்களோடு திரும்பி வந்தன. கொலையாளி வகுப்பும் பாதி-ஆர்க் இனமும் முதன்மைப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டன. 'பெற்றோருக்குப் பயந்து ஆட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்' என்பது பழைய ஆட்டக்காரர்களின் குறை.

ராட்சசனை மட்டும் யாரும் நீக்கவில்லை. இந்தியக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டு 1977-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் புலித்தலையோடு வரையப்பட்டவன், இன்றைய பதிப்பிலும் அதே புலித்தலையோடு இருக்கிறான்.

1997-இல் கடனில் தத்தளித்த டிஎஸ்ஆரை 'விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் வாங்கியது. 1999-இல் அந்த நிறுவனத்தைப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது.

2000: விதிப் புத்தகத்தோடு வந்த ஓர் உரிமம்

2000-இல் வந்த 3-ஆம் பதிப்பு கணக்கை நேராக்கியது. அதற்கு முன்பு கவச எண் குறையக் குறைய நல்லது; தாக்க வேண்டிய எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கழித்தல் கணக்கு போட வேண்டும். புதிய பதிப்பில் எல்லாம் ஒரே வழி: 20 முகப் பகடையை உருட்டு, கூட்டு, எண் பெரிதாக இருந்தால் நல்லது.

ஆனால் நீண்ட காலத்திற்கு முக்கியமாக ஆனது வேறொன்று. 'ஓபன் கேம் லைசன்ஸ்' என்ற திறந்த உரிமம். ரையன் டான்சி என்ற நிர்வாகி இதை முன்னெடுத்தார். அடிப்படை விதிகளை யாரும் எடுத்து, தங்கள் சொந்தக் கதைப் புத்தகங்களை எழுதி, காசு வாங்கி விற்கலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை, பங்கு கொடுக்கவும் தேவையில்லை.

இதனால் நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் உருவானார்கள். எதிர்பாராத விளைவும் ஒன்று இருந்தது. இதே உரிமத்தைக் கொண்டு பழைய ரசிகர்கள் பழைய விதிகளையே மறுபடி எழுதி வெளியிட்டார்கள். 2006-இல் வந்த 'ஓஸ்ரிக்', அட்வான்ஸ்ட் ஆட்டத்தின் முதல் பதிப்பை ஏறக்குறைய அப்படியே மீட்டது. நிறுவனம் கைவிட்ட பதிப்பை ரசிகர்கள் சட்டப்படியே உயிரோடு வைத்துக்கொண்டார்கள்.

2008: பெரிய பிளவு

2003-இல் '3.5' என்ற திருத்தம் வந்தபோதே 'மூன்று வருடத்தில் மறுபடியும் புத்தகம் வாங்கணுமா?' என்ற முணுமுணுப்பு எழுந்தது. 2008-இல் 4-ஆம் பதிப்பு வந்தபோது அது வெடித்தது.

என்ன மாறியது? 3-ஆம் பதிப்பில் ஒரு பழைய பிரச்சினை உண்டு. தொடக்கத்தில் பலவீனமான மந்திரவாதி, உயர்நிலைக்குப் போனதும் மலையையே புரட்டுவார். பக்கத்தில் நிற்கும் போர்வீரன் அப்போதும் "வாளால் வெட்டுகிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். இதைச் சரிசெய்ய, 4-ஆம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி சக்திப் பட்டியலைக் கொடுத்தது: எப்போதும் பயன்படுத்தலாம், ஒரு சண்டைக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு ஒரு முறை.

ஆதரித்தவர்கள் சொன்னது: இப்போதுதான் எல்லாருக்கும் சண்டையில் வேலை இருக்கிறது. மாஸ்டருக்கும் தயாரிப்பு நேரம் குறைகிறது.

எதிர்த்தவர்கள் சொன்னது: எல்லா வகுப்பும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. இது கணினியில் ஆடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதிரி இருக்கிறது. போர்வீரன் ஒரு வாள்வீச்சை ஏன் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வீச முடியும்? மந்திரம் என்றால் சரி, வாளுக்கு ஏன் அந்தக் கட்டுப்பாடு?

இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஒரு தரப்புக்கு முக்கியம் ஆட்டத்தின் சமநிலை. இன்னொரு தரப்புக்கு முக்கியம், கதைக்குள் அந்த விதி நம்பும்படி இருப்பது. இரண்டுமே 'நல்ல விதி' என்ற ஒரே சொல்லால் சொல்லப்பட்டதால், பேசப் பேசத் தூரம்தான் கூடியது.

இதற்கு மேல் உரிமமும் மாறியது. 4-ஆம் பதிப்புக்குப் பழைய திறந்த உரிமம் இல்லை. கட்டுப்பாடு கூடிய வேறொன்று. அதுவரை டி அண்ட் டி இதழ்களை வெளியிட்டு வந்த பைசோ நிறுவனத்தின் ஒப்பந்தமும் 2007-இல் முடிந்திருந்தது. பைசோ ஒரு முடிவெடுத்தது. 3.5 விதிகளைத் திறந்த உரிமத்தின் கீழ் எடுத்து, ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகச் சோதித்து, 2009 ஆகஸ்டில் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. 2011-இல் அமெரிக்கக் கடை விற்பனைத் தரவரிசையில் அது டி அண்ட் டி-யையே முந்தியது.

பழைய விதியைக் காப்பாற்றிய போட்டியாளர், புதிய விதியைக் கொண்டுவந்த உரிமையாளரை முந்தினார். அதற்கு வழி செய்து கொடுத்தது உரிமையாளரே எழுதிய உரிமம்.

2014: சமாதானம்

பாடம் புரிந்தது. 2012-இல் நிறுவனம் அடுத்த பதிப்பின் வரைவைப் பொதுமக்களிடமே கொடுத்தது. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சோதனையில் பங்கேற்றதாக நிறுவனம் சொன்னது. 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பு எளிமையாக இருந்தது. சாதகமான சூழலா, இரண்டு பகடை உருட்டி பெரியதை எடுத்துக்கொள். பாதகமா, சிறியதை எடு. அவ்வளவுதான்.

2015-இல் 'கிரிட்டிக்கல் ரோல்' இணையத் தொடரும், 2016-இல் நெட்ஃபிளிக்ஸின் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரும் புதிய தலைமுறையை அழைத்து வந்தன. மலேசியாவில் பலருக்கும் இந்த ஆட்டம் அறிமுகமானது அந்தத் தொடரில் நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த காட்சியால்தான்.

2023: ஒரு சொல்லால் வந்த சண்டை

2023 ஜனவரியில், திறந்த உரிமத்திற்குப் பதிலாக நிறுவனம் கொண்டுவரவிருந்த புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. அதில் இருந்தவற்றில் மூன்று விஷயங்கள் ஆட்டக்காரர்களைக் கொதிக்க வைத்தன:

• ஆண்டு வருமானம் 7,50,000 அமெரிக்க டாலரைத் தாண்டும் பதிப்பாளர்கள், அதற்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காடு வரை நிறுவனத்திற்குக் கொடுக்க வேண்டும்.

• மற்றவர்கள் எழுதியதை நிறுவனமும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

• பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்ல.

மூன்றாவதுதான் அடிவயிற்றில் கை வைத்தது. பழைய உரிமத்தில், அதன் 'அங்கீகரிக்கப்பட்ட' எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்து, 20 ஆண்டு பழைய அனுமதியைத் திரும்பப் பெற முடியும் என்பது நிறுவனத்தின் வாதம். அப்படித் திரும்பப் பெற முடியாது என்று உரிமத்தை உருவாக்கிய டான்சியே வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த முறை சண்டை பகடைக் கணக்கைப் பற்றியது இல்லை. ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் எழுதிப் பிழைப்பவரின் வருமானத்தைப் பற்றியது. அதனால், வழக்கமாக ஒருவரோடு ஒருவர் மோதும் பழைய பதிப்பு ரசிகர்களும் புதிய பதிப்பு ரசிகர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். பலர் நிறுவனத்தின் 'டி அண்ட் டி பியாண்ட்' இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். பைசோ, யாரும் திரும்பப் பெற முடியாத புதிய பொது உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது.

நிறுவனம் வரைவைத் திருத்தி, கருத்துக் கேட்டது. 15,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். பழைய உரிமத்தை ரத்து செய்வது பிடிக்கவில்லை என்று 89 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஜனவரி 27-ஆம் தேதி நிறுவனம் முழுதாகப் பின்வாங்கியது. பழைய உரிமம் அப்படியே இருக்கும். அதோடு, 5-ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

2024: இனமா, உயிரினமா?

2024 செப்டம்பர் 17-ஆம் தேதி புதிய 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' வந்தது. நிறுவனம் இதை 6-ஆம் பதிப்பு என்று சொல்லவில்லை. 5-ஆம் பதிப்பின் திருத்தம் என்றே சொன்னது. இதில் அதிகம் விவாதிக்கப்பட்ட மாற்றம் ஒரு சொல்.

எல்ஃப், குள்ளர், ஆர்க் போன்றவற்றை முன்பு 'இனம்' என்று குறிப்பிட்டார்கள். இப்போது 'உயிரின வகை' என்கிறார்கள். முன்பு இனத்தைப் பொறுத்துப் பலமும் அறிவும் கூடின. இப்போது அந்தக் கூடுதல் எண்கள் பாத்திரத்தின் வளர்ப்புப் பின்னணியைப் பொறுத்தவை: பண்ணையில் வளர்ந்தவரா, படையில் இருந்தவரா, எழுத்தராக வேலை பார்த்தவரா என்று.

'பிறப்பால் ஒரு கூட்டம் முட்டாள், ஒரு கூட்டம் கெட்டது என்று விதி எழுதுவது சரியில்லை' என்பது ஆதரவாளர்கள் வாதம். 'இது கற்பனை உலகம். எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கினால் ஆர்க்குக்கும் எல்ஃபுக்கும் என்ன வித்தியாசம்?' என்பது எதிர்ப்பாளர்கள் வாதம். தோட்டத்தில் பிறந்தவன் இவ்வளவுதான் என்று யாரோ எழுதி வைத்த கணக்கைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு, முதல் வாதம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதே திருத்தத்தில் பாதி-எல்ஃபும் பாதி-ஆர்க்கும் தனித் தேர்வாக இல்லாமல் போயின. 'பாதி' என்று ஒருவரை அழைப்பதே தவறு என்பது ஒரு பார்வை. இரண்டு உலகத்தைச் சேர்ந்தவர்களுக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துவிட்டார்கள் என்பது கலப்புக் குடும்பங்களைச் சேர்ந்த சில ஆட்டக்காரர்களின் வருத்தம். பழைய புத்தகத்தில் உள்ள பாதி-எல்ஃபை இன்றும் ஆடலாம். ஆனால் புதிய புத்தகத்தை மட்டும் வாங்கும் ஒருவருக்கு அது தெரியாது.

2024 ஆகஸ்டில் இன்னொரு சண்டை. டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் காசு கொடுத்து வாங்கிய பழைய மந்திரங்களும் மந்திரப் பொருள்களும் பாத்திரத் தாளில் தானாகப் புதிய விதிக்கு மாற்றப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய சில நாளிலேயே அதுவும் கைவிடப்பட்டது. அலமாரியில் இருக்கும் காகிதப் புத்தகத்தை யாராலும் தூரத்தில் இருந்து திருத்த முடியாது. திரையில் இருக்கும் புத்தகத்தை முடியும். இனி வரும் பிளவுகள் இந்த வித்தியாசத்தைச் சுற்றியே இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கெடாவில் இருந்து ஆட நினைப்பவருக்கு இதனால் என்ன?

எந்தப் புத்தகம் வாங்குவது? புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அமெரிக்க விலை 49.99 டாலர். நம் பணத்தில் சுமார் 200 ரிங்கிட், தபால் செலவு தனி. தொடங்குவதற்கு அது கட்டாயம் இல்லை. அடிப்படை விதித் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு பேர் அதை வைத்தே மாதக் கணக்கில் ஆடலாம்.

பழையதா, புதியதா? இரண்டையும் கலந்தும் ஆடலாம். ஆனால் ஒரே மேசையில் ஒருவர் 2014 விதியிலும் இன்னொருவர் 2024 விதியிலும் இருந்தால் நடுச் சண்டையில்தான் வம்பு வரும். முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது. எந்தப் புத்தகம், என்னென்ன வீட்டு விதி, சந்தேகம் வந்தால் யார் தீர்ப்பு என்ற மூன்றையும் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதி வைத்தால் போதும். பாதிக் கதையில் விதியை மாற்றுவதென்றால், பாதிக்கப்படும் பாத்திரத்தின் சொந்தக்காரரிடம் முதலில் கேளுங்கள். "அண்ணே, உங்க மந்திரம் இனிமே இப்படித்தான்" என்று ஆட்டத்தின் நடுவே சொன்னால், நிறுவனம் செய்த அதே தவறைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

சொந்தக் கதை எழுதி விற்கலாமா? விற்கலாம். 2023 சண்டையின் நேரடிப் பலன் இது. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் தாக்கிய கடாரம், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்கள், மெர்போக் ஆறு, ஜெராய் மலை என்று நம் ஊரையே களமாக வைத்து ஒரு சாகசம் எழுதலாம். கிரியேட்டிவ் காமன்ஸில் உள்ள விதிகளை அதில் பயன்படுத்தி, எங்கிருந்து எடுத்தது என்று உரிமத்தில் சொன்னபடி குறிப்பிட்டால் போதும். பங்கு யாருக்கும் தர வேண்டியதில்லை. டி அண்ட் டி-யின் இலச்சினையை மட்டும் அட்டையில் போடக் கூடாது. இலவசத் தொகுப்பில் இல்லாத விதிகளையும் பாத்திரங்களையும் தொடக் கூடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மலேசியரான எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் சேர்ந்து வெளியிட்ட 'எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' சிறுநூல்கள், தென்கிழக்காசியக் களங்களை எந்த விதித் தொகுப்போடும் கட்டிப் போடாமல் எழுதப்பட்டவை. எந்தப் பதிப்பில் ஆடுபவரும் அவற்றை எடுத்து ஆடலாம். அடுத்த பதிப்பு வந்தாலும் அவை பழையதாகாது.

யார் சொல்வது சரி?

பாட்டி வீட்டுப் பல்லாங்குழியில் நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுவோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களின் சோங்காக்கில் ஓரத்தில் பெரிய குழி இருக்கும், காய் போய்ச் சேருவது அங்கே. குழியும் காயும் ஒரே சாயல்தான், விதிதான் வேறு. எது அசல் என்று அவர்கள் சண்டை போட்டதில்லை. காரணம், இரண்டுக்கும் முதலாளி கிடையாது.

டி அண்ட் டி-க்கு முதலாளி உண்டு. அதுதான் இந்த 50 ஆண்டுச் சண்டையின் வேர். ஒவ்வொரு பிளவிலும் நிறுவனம் விதியை மாற்றும் உரிமையைக் காட்டியது; ஆட்டக்காரர்கள் மாறாமல் இருக்கும் உரிமையைக் காட்டினார்கள். 2023-க்குப் பிறகு அந்த இரண்டாவது உரிமை, குறைந்தபட்சம் அடிப்படை விதிகளுக்காவது, எழுத்தில் இருக்கிறது. அடுத்த பதிப்பு எப்போது வந்தாலும், உங்கள் மேசையில் எந்த விதி என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.